வியாழக்கிழமைக் கையெழுத்து

அக்டோபர் 14, திங்கள்

ஏ முட்டக்கண்ணி,

உன் ரஃப் நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் நீ போட்ட கணக்கும் படமும் அப்படியே இருக்கட்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. தப்பு இருந்தால் சிரிக்காதே. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடுகிறது. எழுதினால் வரவில்லை.

போன வியாழக்கிழமை உனக்குப் பதினாறாம் நாள் முடிந்தது. உங்கப்பா முந்தாநாளிலிருந்து லோடு ஆட்டோ எடுத்துவிட்டார். நானும் இன்று வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் கொடியில் கிடக்கிற உன் யூனிபாரம்தான் தெரிகிறது. எடுத்து மடிக்கக் கை வரவில்லை.

என் வேலை உனக்குத் தெரியாததா. தோளில் பை, பைக்குள் கொசு மருந்து, கையில் டார்ச் லைட். வீடு வீடாகப் போய்த் தொட்டி, டிரம், பூச்செடித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிற தட்டு எல்லாவற்றிலும் புழு இருக்கிறதா பார்க்க வேண்டும். மருந்து விட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நம் தெருவில் வடசாரி வீடெல்லாம் பேரூராட்சி, தென்சாரி வீடெல்லாம் ஊராட்சி. வடசாரிக்கு நான். தென்சாரிக்கு உன் கனிச் சித்தி. நடுவில் கிடக்கிற ரோடு யாருடையது என்று கேட்டால் இரண்டு ஆபீஸிலும் பதில் வராது. "நம்ம வீட்டுக் கொசு பேரூராட்சிக் கொசு, எதுத்த வீட்டுக் கொசு ஊராட்சிக் கொசு, ரெண்டும் சண்டை போடுமாம்மா?" என்று நீ கேட்டு, கனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

நாலாவது வீட்டில், சின்னத்தாய் அக்கா உள்ளே யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "ஊருக்கெல்லாம் மருந்து ஊத்துதா. சொந்தப் பிள்ளைய டெங்கு கொண்டுபோவதப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா."

காது கேட்காத மாதிரி அவர்கள் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். புழு இல்லை. நல்ல சுத்தமான தொட்டி.

நீ போன மறுநாள் நம் வீட்டை ஏழு பேர் வந்து சல்லடை போட்டுச் சலித்தார்கள். நம் வீட்டிலும் ஒரு புழு இல்லை. அதை அந்த அக்காவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லாமல் வந்துவிட்டேன்.


அக்டோபர் 15, செவ்வாய்

முப்பத்தெட்டு வீடு பார்த்தேன். ஒரு வீட்டில் மட்டும் பூஜாடியில் புழு. கவிழ்த்துவிட்டு வந்தேன்.


அக்டோபர் 17, வியாழன்

இன்று எல்லை இடம் பார்க்கிற நாள்.

போன வருஷம் வரைக்கும் அந்த இடங்களை யாரும் பார்த்ததில்லை. இவர்கள் அவர்களது என்பார்கள், அவர்கள் இவர்களது என்பார்கள். பிறகு இரண்டு ஆபீஸும் சேர்ந்து யூனியன் ஆபீஸில் பெரிய கூட்டம் போட்டு, போட்டோ எல்லாம் எடுத்து, கூட்டு நோட்டு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். எல்லையில் மொத்தம் பதினோரு இடம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்து ஆளும் சேர்ந்து போய்ப் பார்த்து, ஒரே நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து மட்டும் இருந்தால் செல்லாது.

எனக்கும் கனிக்கும் உள்ள இடம் தெருக்கோடியில் புங்கமரத்தடி வால்வு குழி. குழி இருப்பது ஊராட்சி மண்ணில். உள்ளே ஓடுகிற குடிதண்ணீர்க் குழாய் பேரூராட்சிக்குப் போவது. மேலே கிடக்கிற சிமெண்ட் மூடியை யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தூக்க இரண்டு ஆளும் ஒரு கடப்பாரையும் வேண்டும்.

மரத்துக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் கனி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு டீ சொன்னாள்.

"எக்கா, நீங்க வராம நோட்டு அப்படியே கிடக்கு. மூணு வாரத்துக்கும் சேத்துப் போட்டுருங்க. நீங்க லீவுல இருந்தத எவன் பாக்கப் போறான்."

போட்டுக் கொடுத்தேன். மூடியைத் தூக்கவில்லை. கனிக்கு முதுகுவலி.


அக்டோபர் 18, வெள்ளி

வாரக் கணக்குக் கொடுக்க ஆபீஸுக்குப் போனேன். உள்ளே நம் சுகாதார ஆய்வாளர் பிச்சையா சாரும், ஊராட்சிச் செயலர் லிங்கதுரையும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். உன்னை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வீடு வடசாரி. ஒங்க எல்லைதான் சார்," என்றார் லிங்கதுரை.

"பள்ளிக்கூடம் ஒங்க எல்லையிலல்லா இருக்கு. பகல் பூரா பிள்ளை அங்கதான கிடந்திருக்கு. இந்தக் கொசு பகல்லதான் கடிக்கும், தெரியும்லா?"

"சாயங்காலமும் கடிக்கும் சார்."

"சாயங்காலம் பிள்ளை வீட்டுல இருந்திருக்கும். வீட்டுல ஒரு புழு கிடையாது. ஏழு பேர விட்டுப் பாத்தாச்சு."

"அப்பம் எங்க கடிச்சதுங்கீங்க?"

பிறகுதான் நான் நிற்பதைப் பார்த்தார்கள். பிச்சையா சார் பேப்பரைத் திருப்பி வைத்துவிட்டு, "உக்காரும்மா" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த ஆபீஸில் என்னை உட்காரச் சொன்னது இன்றுதான்.

நீ சாயங்காலம் எங்கே இருப்பாய் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.


அக்டோபர் 20, ஞாயிறு

ஆறு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. உங்கப்பா டிரம்மைத் தேங்காய் நாரால் மூன்று தடவை தேய்த்துக் கழுவினார். கழுவிய டிரம்மையே திரும்பக் கழுவுகிறார்.

"எங்க இருந்துதான் வந்து கடிச்சதோ தெரியலயே முப்பிடாதி. அது மட்டும் தெரிஞ்சா ஒரு பாட்டம் மனசு ஆறும்," என்றார்.

நான் துணி பிழிந்துகொண்டிருந்தேன். பிழிந்து வாளியில் போட்ட பாவாடையை எடுத்து மறுபடியும் பிழிந்தேன்.

மத்தியானம் ரசமும் அப்பளமும்.


அக்டோபர் 22, செவ்வாய்

தென்சாரி மாரிச்செல்விக்குக் காய்ச்சல்.

எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி அவள். வளைகாப்பில் நீ இரண்டு கை நிறைய வளையல் வாங்கிக்கொண்டு வந்து, தூங்கும்போதும் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாயே, அந்த மாரிச்செல்வி. தென்சாரி என் வேலை இல்லை. ஆனாலும் போனேன். கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கண் சிவந்திருந்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். நீயும் அதைத்தான் சொன்னாய்.

அவள் மாமியார் சண்முகக்கனி, நாங்கள் பெரியம்மை என்று கூப்பிடுகிறவர்கள், கஞ்சி ஆற்றிக்கொண்டே, "வீட்டுல ஒரு பொட்டுத் தண்ணி தேங்கவிட மாட்டோம். எப்படிப் பிடிச்சதுன்னே தெரியல," என்றார்கள்.

மாரிச்செல்வியிடம் கேட்டேன். "டாக்டர் நடக்கச் சொன்னாவன்னு சாயங்காலம் நடப்பேல்லா. நடந்துட்டு எங்கட்டி உக்காருவ?"

"புங்கமரத்தடியிலதான்க்கா. அந்த சிமெண்டு மூடி மேல. காத்து நல்லா வரும்." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டாள். "அனுவும் அங்கதான என்கூட உக்காந்து வீட்டுப்பாடம் எழுதும். நீங்க வேல முடிச்சு வாரவரைக்கும்."

சண்முகக்கனி பெரியம்மை என்னைப் பார்த்தார்கள். நான் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், பேட்டரி தீர்ந்துபோன மாதிரி.

"ரத்தம் சோதிச்சுப் பாருங்க பெரியம்மை. இன்னைக்கே பாருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.


அக்டோபர் 24, வியாழன்

மாரிச்செல்விக்கு டெங்குதான். பிளேட்லெட் இறங்குகிறது என்று காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வயிற்றில் பிள்ளை அசைகிறதா என்று அடிக்கடி கேட்கிறாளாம்.

டீக்கடைக்குப் போனேன். கனி நோட்டை விரித்து வைத்திருந்தாள். பேனாவை வாங்கினேன். போடவில்லை.

"மூடியத் தூக்கிப் பாத்துட்டுப் போடுவோம்ட்டி."

கனிக்கு முகம் மாறிப்போனது. "என்னக்கா திடீர்னு?"

"மாரிச்செல்வி அங்கதான் உக்காருவா. எம் பிள்ளையும் அங்கதான் உக்காரும்."

"சும்மா கிடங்கக்கா. அது நல்ல தண்ணிக் குழி. சாக்கடையா என்ன?"

"நல்ல தண்ணியிலதான இந்தக் கொசு முட்டையிடும். வீடு வீடாப் போயி நீயும் நானும் அதத்தான சொல்லுதோம்."

கனி நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

முட்டக்கண்ணி, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. எழுதிவிடுகிறேன்.

கூட்டு நோட்டு வந்த முதல் மூன்று வாரம் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். நாலாவது வாரம் கனிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். அதற்கடுத்த வாரம் முதுகு சரியாகிவிட்டது. அன்றும் டீ குடித்துவிட்டுத்தான் போட்டோம். மாசி மாதத்திலிருந்து அந்த மூடியை நாங்கள் தொடவே இல்லை. அவளுக்கு என்னைத் தெரியும், எனக்கு அவளைத் தெரியும். ஒருத்தி கையெழுத்தைப் பார்த்து இன்னொருத்தி போட்டோம். பிறகு அதற்கும் சோம்பல் வந்து, மாதத்தின் முதல் வியாழக்கிழமையே நாலு வாரத்துக்கும் போட்டு வைத்துவிடுவோம்.

இன்று கனி போவதற்கு முன் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். செப்டம்பர் 19. அன்று நீ ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு கிடந்தாய். நான் உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். நோட்டில் நான் புங்கமரத்தடியில் இருக்கிறேன். புழு இல்லை என்று எழுதி, முப்பிடாதி என்று போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 26. உன்னை மயானத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததற்கு மறுநாள். அன்றும் புழு இல்லை. அன்றும் முப்பிடாதி.

உனக்காக இடம் இடமாகத் தேடினவர்கள் அந்த நோட்டைப் பார்த்துத்தான் குழியை விட்டுவிட்டுப் போனார்கள்.


அக்டோபர் 25, வெள்ளி

விடிகிற நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். கனி. தோளில் கடப்பாரை.

"ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்லக்கா. வாங்க. தொறப்போம், மருந்து ஊத்துவோம், மூடுவோம். வாயையும் மூடுவோம். சரின்னா வாங்க."

சரி என்றேன்.

தெருவில் யாரும் இல்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினோம். எட்டு மாதம் தூக்காத மூடி. மண் இறுகிப் போயிருந்தது. நாலு தடவை கை வழுக்கியது. ஐந்தாவது தடவை அசைந்தது.

முழங்காலளவு தண்ணீர். குழாய் மூட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்து நிற்கிறது. அடி தெரிகிற தெளிவு. டார்ச் அடித்தேன். தண்ணீரில் சீரகத்தை அள்ளிக் கொட்டிக் கலக்கிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் துள்ளியது. மூடிக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று விரல் போகிற இடைவெளி. அது வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறது. நீ அதற்கு மேலேதான் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாய்ப்பாடு சொல்வாய்.

கனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் பாவி, நான் பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் அழவில்லை. வாளியைப் போட்டு இறைத்து வெயில் படுகிற மண்ணில் ஊற்றினேன். மிச்சத்தில் மருந்து விட்டேன். இடைவெளியில் பழைய சாக்கைச் சுருட்டித் திணித்தோம். மூடினோம்.

கைகழுவும்போது கனி சொன்னாள். "இனிமே அங்க ஒண்ணும் வராது. முடிஞ்சு போச்சுக்கா. எனக்கு ரெண்டு பிள்ளைய. அவிய அப்பா எப்படின்னு ஒங்களுக்கே தெரியும். இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

"யார்ட்டயும் சொல்ல மாட்டேம்ட்டி," என்றேன்.


அக்டோபர் 26, சனி

நேற்று நன்றாகத் தூங்கியிருக்கிறேன். அது எனக்கே பிடிக்கவில்லை.


அக்டோபர் 28, திங்கள்

யூனியன் ஆபீஸில் கூட்டம். இரண்டு பக்கத்து ஆட்களும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வட்டார டாக்டரம்மா நடுவில். ஒரு பக்கம் பிச்சையா சார், இன்னொரு பக்கம் லிங்கதுரை. நாங்கள் இருபத்திரண்டு பேர் பெஞ்சில். கனி என் பக்கத்தில்.

இதுவரை ஒன்பது பேருக்குக் காய்ச்சலாம். எங்கிருந்து பரவுகிறது என்று தெரியவில்லையாம். டாக்டரம்மா கூட்டு நோட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு சொன்னார்கள். "எல்லையில இருக்குற பதினோரு இடத்துலயும் வாராவாரம் ரெண்டு கையெழுத்து இருக்கு. ஒரு இடத்துலயும் புழு இல்ல. ரெண்டு உள்ளாட்சியும் சேர்ந்து வேலை செஞ்சா எப்படி இருக்கும்கிறதுக்கு இது ஒரு நல்ல உதாரணம். ஆள் பற்றாக்குறையா இருக்கு. அதனால அந்தப் பதினோரு இடத்தையும் ஒரு மாசத்துக்கு விட்டுடுவோம். அந்த ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கும் வீடுகளுக்கும் அனுப்புங்க."

பிச்சையா சாரும் லிங்கதுரையும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை.

நான் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். கூட்டு நோட்டு உள்ள ஜோடி எல்லாம் எனக்குத் தெரியும். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. டீக்கடை எங்கள் தெருவில் மட்டும் இல்லை.

எங்கள் குழியை மூடியாயிற்று. மற்றப் பத்து இடத்திலும் யார் பிள்ளையோ உட்கார்ந்திருக்கும்.

எழுந்தேன். கனி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இழுத்ததில் தோள்பட்டை ஊக்கு தெறித்து விழுந்தது.

"அம்மா, அந்தக் கையெழுத்த நம்பாதிய."

"என்ன சொல்றீங்க?"

"புங்கமரத்தடிக் குழிய நாங்க மாசியில இருந்து தொறந்து பாக்கல. சும்மா ஒக்காந்து கையெழுத்துப் போட்டோம். வெள்ளிக்கெழம தொறந்தோம். அம்புட்டும் புழு. மருந்து ஊத்தி மூடிட்டோம். ஒரு எடத்துல அப்படி இருந்தா எல்லா எடத்துலயும் இருக்கும். பதினொண்ணையும் தொறந்து பாருங்க."

பிச்சையா சார் எழுந்துவிட்டார். "ஏம்மா, என்ன பேசுதன்னு தெரிஞ்சுதான் பேசுதியா? எழுதிக் குடுத்தா வேல போயிரும்."

"தெரியும் சார்."

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார்கள். ஒரு பக்கத்தில் நிறுத்தி, தேதியைப் பார்த்து, என்னைப் பார்த்தார்கள். "அனுசுயா... உங்க பொண்ணா?"

"ஆமாம்மா. எங்க கடிச்சதுன்னு தேடினியள்லா. சாயங்காலமெல்லாம் அந்தக் குழி மேலதான் இருந்தா."

பிறகு கடைசிப் பெஞ்சில் வயசான ஒரு ஊராட்சி அம்மா உட்கார்ந்தபடியே சொன்னார்கள். "எங்க எடத்த முதல்ல தொறங்க தாயி. எனக்கும் தைரியமில்ல."

சாயங்காலம் உங்கப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். சாவியை எடுத்துக்கொண்டு போய் லோடு ஆட்டோவுக்குள் உட்கார்ந்துகொண்டார். வண்டியைக் கிளப்பவில்லை.


அக்டோபர் 29, செவ்வாய்

பதினோரு இடத்தையும் திறந்தார்கள். ஏழில் புழு.

என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள், இடம் காட்ட. ஆள் போதாமல் ஒரு தொட்டி மூடியைப் பிச்சையா சாரும் லிங்கதுரையுமே தூக்க வேண்டியதாகிவிட்டது.

"நீரு முதல்ல தூக்கும்."

"சார், ஒங்க பக்கந்தான் கனம் கம்மி. நீங்க தூக்குங்க."

"எந்தப் பக்கம் எவன் எல்லைன்னு மூடிக்கா தெரியும்? சேந்து தூக்கும்வே!"

தூக்கினார்கள். பிச்சையா சார் சட்டையெல்லாம் பாசி. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மருந்தை வாங்கி அவரே ஊற்றினார். போன மாதம் அந்த இடத்துக்குப் பக்கத்து வீட்டில் இரண்டு பேர் காய்ச்சலில் கிடந்தார்களாம்.

கனி வரவில்லை.


அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நமக்கு இல்லை.

உங்கப்பா இன்றுதான் வாய் திறந்தார். "சாப்பிட்டியா?" என்றார்.


நவம்பர் 5, செவ்வாய்

வேலை இல்லை. விசாரணை முடிகிற வரைக்கும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

யார் விசாரிப்பது என்பதில் தகராறாம். குழி ஊராட்சி இடம், அதனால் ஊராட்சிதான் விசாரிக்க வேண்டும் என்கிறார் பிச்சையா சார். முப்பிடாதி பேரூராட்சி ஆள், நாங்கள் எப்படிக் கேட்க முடியும் என்கிறார் லிங்கதுரை. தண்டனை கொடுக்கக்கூட எனக்கு ஒரு எல்லை கிடைக்கவில்லை. நீ இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

மாரிச்செல்விக்குப் பிளேட்லெட் ஏறுகிறதாம்.


நவம்பர் 9, சனி

கனி வந்தாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னிய."

"சொன்னேந்தான்."

"நீங்க பிள்ளையப் பறிகொடுத்தவ. ஒங்கள ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. பாவம்னுதான் சொல்லுவாவ. என்னைய? கடைக்குப் போனா, கொசுக்காரி வாரான்னு மூஞ்சியத் திருப்புதாவ. எம் பிள்ளைய கூட விளையாட விட மாட்டேங்குதாவ. ஒங்க பாவத்துக்கு ஒங்க பிள்ளை போச்சு. எனக்கு மட்டும் இத எங்க கொண்டு எறக்கச் சொல்லுதிய?"

அவள் சொன்னது அவ்வளவும் சரி. என்னைப் பார்த்து இப்போது சின்னத்தாய் அக்காகூட அழுகிறார்கள்.

"பிள்ளைய இங்க கொண்டு விடுட்டி. எங்க வாசல்ல விளையாடட்டும்," என்றேன்.

கனி என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.


நவம்பர் 10, ஞாயிறு

கனியின் இரண்டு பிள்ளைகளும் நம் வாசலில் பாண்டி விளையாடின. கட்டம் சரியாகப் போடத் தெரியவில்லை. நான் போட்டுக் கொடுத்தேன்.


நவம்பர் 11, திங்கள்

மாரிச்செல்வி வீட்டுக்கு வந்துவிட்டாள். வயிற்றில் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. வேனிலிருந்து இறங்கும்போது ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான் நிற்பதைப் பார்த்தாள். கையசைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. சண்முகக்கனி பெரியம்மைதான் அவளை அணைத்து வேகமாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.


நவம்பர் 13, புதன்

யூனியன் ஆபீஸுக்கு என்னையும் கனியையும் கூப்பிட்டார்கள். வேலையை விட்டு எடுக்கிற பேப்பர் தயாராக இருந்தது. இரண்டு ஆபீஸ் சீலும் போட்டு, டாக்டரம்மா கையெழுத்து மட்டும் பாக்கி.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார்கள், மூடினார்கள். "இவங்களை எடுத்துட்டு வேற ரெண்டு பேரைப் போட்டா, அவங்களும் ஒரு நாள் டீ குடிப்பாங்க. இவங்க இனிமே குடிக்க மாட்டாங்க."

லிங்கதுரைக்குப் பிடிக்கவில்லை. "தெருக்காரங்க ஒத்துக்கிடணும்லா மேடம்."

"அது இவங்க பாடு. வீட்டுக்காரங்க கதவைத் திறந்தா வேலை பார்க்கட்டும்."

இனிமேல் வடசாரி தென்சாரி கிடையாது. இரண்டு சாரிக்கும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டும். வியாழக்கிழமை மூடி திறக்கிறபோது பிச்சையா சாரோ லிங்கதுரையோ ஒருவர் நேரில் நிற்க வேண்டும். கூட்டு நோட்டில் முன்கூட்டி யாரும் எழுதக் கூடாது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். கனி பஸ் வந்ததும் முதலில் ஏறி, எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள்.


நவம்பர் 14, வியாழன்

உன் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தினம். மைக் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

காலையில் குழியைத் திறந்தோம். லிங்கதுரை நின்றார். புழு இல்லை. நான் கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். குழாய் மூட்டை அடைத்துவிட்டார்கள். இடைவெளிக்கு வலை போட்டிருக்கிறார்கள். அதற்கு இரண்டு ஆபீஸும் சேர்ந்து ஆள் அனுப்பியிருந்தார்கள், ஒரே வண்டியில்.

பிறகு முதல் முறையாகத் தென்சாரிக்குள் வேலைக்குப் போனேன். கனி முன்னால், நான் பின்னால். மூன்று வீட்டில் திறந்தார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கனியை மட்டும் உள்ளே விட்டு, என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

மாரிச்செல்வி வீடு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. கனி தட்டினாள்.

"பெரியம்மை, கொசு மருந்து."

"வேண்டாம். போங்க."

"தொட்டி பாக்கணும்லா பெரியம்மை. பிள்ளைத்தாய்ச்சி இருக்க வீடு."

"பிள்ளைத்தாய்ச்சி இருக்காங்கிறது இப்பந்தான் தெரியுதாக்கும்? பாக்க வேண்டியப்பம் பாக்கல. இப்பம் என்னத்தப் பாக்க? எம் மருமவ பொழச்சது எங்க சாமி புண்ணியம். அந்த முப்பிடாதிய எங்க வாசல்ல நிக்கச் சொல்லாத."

உள்ளே மாரிச்செல்வி என்னவோ மெதுவாகச் சொன்னாள். பெரியம்மை அதட்டினார்கள்.

கனி அடுத்த வீட்டுக்கு நடந்தாள். "வாங்கக்கா. அடுத்த வாரம் தட்டுவோம்."

கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பெரியம்மை மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நானாக இருந்தால் நானும் திறந்திருக்க மாட்டேன். எனக்கு வேண்டியது பெரியம்மையின் பதிலும் இல்லை, மாரிச்செல்வியின் பதிலும் இல்லை.

முட்டக்கண்ணி, அந்தக் கதவுக்கு உள்ளே நீ இருந்து, வெளியே நான் நின்று தட்டியிருந்தால், நீ எனக்குத் திறந்திருப்பாயா?